குளம் கீழே இறங்கும் வழி

அக்டோபர் 3

கோத்தகிரியில் லாட்ஜ். காலை ஆறு முதல் ஏழு வரை மட்டும் வெந்நீர் என்று சுவரில் எழுதியிருக்கிறது. ஏழு மணிக்கு நான் மலையில் நிற்க வேண்டும்.

வேலை இதுதான். தேயிலைத் தோட்டச் சரிவு ஒன்றில் தொழிலாளர் குடியிருப்பு. லயம் என்கிறார்கள். முப்பத்தெட்டு குடும்பங்கள். போன நவம்பர் மழையில் வீடுகளுக்குப் பின்னால் மண்ணில் நீளமாக ஒரு வெடிப்பு விழுந்தது. மலை சரியுமா, சரிந்தால் எந்த ஆழத்தில் வழுக்கும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கேட்பது தோட்ட நிர்வாகம். பதில் சொல்லப்போவது பரந்தாமன் சாரின் நிறுவனம். இருபத்துநான்காம் தேதி கோட்டாட்சியர் நேரில் வந்து விசாரிக்கிறார். சரியும் என்று முடிவானால் லயத்தைக் காலி செய்துவிடுவார்கள்.

சார் எனக்கு எம்.எஸ்ஸி.யில் பாடம் எடுத்தவர். ஒரு சரிவை முழுதாக என்னிடம் கொடுப்பது இதுவே முதல் முறை.

நான் யார் பக்கமும் இல்லை. முதல் நாளே எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 4

சரிவில் கேபிளை நீட்டி, அதில் வரிசையாக ஜியோபோன்களைக் குத்தி வைக்கிறோம். உள்ளங்கையளவு கருவி. மண்ணின் அதிர்வைக் கேட்கும் காது. ஒரு முனையில் இரும்புத் தட்டு. அதைச் சம்மட்டியால் அடித்தால் அதிர்வு மண்ணுக்குள் போகிறது. தளர்ந்த மண்ணில் தயங்கிப் போகும், பாறையில் ஓடும். எந்தக் காதுக்கு எப்போது கேட்டது என்று பார்த்தால் கீழே என்ன இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் என்று கணக்கிடலாம். தோண்ட வேண்டாம்.

சம்மட்டி அடிக்கப் பேசி வைத்த ஆள் வரவில்லை.

"காய்ச்சலாமுங்க மேடம். நானே அடிச்சுப் போடறனுங்க" என்றார் தவமணி அண்ணன். கோவைக்காரர். ஜீப்பும் கேபிளும் அவர் பொறுப்பு. மூன்றாவது அடியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி இறங்கி வந்து சம்மட்டியை வாங்கினாள். நாற்பது வயதிருக்கும். பெயர் யோகேஸ்வரி, எல்லோருக்கும் யோகம்.

"எங்க அடிக்கணும் மிஸ்?"

"தட்டு நடுவுல."

அடித்தாள். திரையில் அவ்வளவு சுத்தமான ஒரு முதல் துடிப்பை நான் பார்த்ததில்லை.

"யார நெனச்சுக்கிட்டுடீ அடிச்ச?" என்று மேலிருந்து ஒரு குரல்.

"ஒன் புருசன."

பிற்பகலில் மேலேயிருக்கும் தோட்ட நிர்வாகத்தின் ரிசார்ட்டில் அறைகளைச் சுத்தம் செய்கிறாளாம். காலை எனக்கு. கூலி பேசியாயிற்று.

ஒரு சிக்கல். காலடி, ஆட்டின் குளம்பு, உரல், எல்லாமே ஜியோபோனில் விழுகின்றன. அடிக்கும் முன் நான் கையைத் தூக்குகிறேன். லயம் முழுவதும் அப்படியே நிற்கிறது. குடத்தோடு ஒருத்தி, ஒற்றைக் காலில் ஒரு குழந்தை, பீடியை வாய்க்குக் கொண்டுபோன ஒரு தாத்தா. ஐந்து நொடி. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விடுகிறார்கள்.

அக்டோபர் 5

ஞாயிறு. துணி துவைத்தேன். காயவில்லை. அம்மா இரண்டு முறை அழைத்தாள்.

அக்டோபர் 6

பதினான்கு முதல் பதினேழு வரை உள்ள ஜியோபோன்களில் ஓயாத இரைச்சல். கூர்மையில்லாத, நடுங்கும் கோடு. கருவிகளை மாற்றினேன். கேபிளை மாற்றினேன். அதே இடம், அதே நடுக்கம்.

இதற்கு எல்லோரும் செய்வதுதான். ஒரே இடத்தில் பத்து முறை அடித்து, பத்துப் பதிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினேன். அடியின் துடிப்பு ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில் வரும், வளரும். இரைச்சல் ஒன்றையொன்று தின்று கரையும்.

"எத்தன வாட்டி மிஸ் இந்த மண்ணு அடி வாங்கணும்?" என்றாள் யோகம் அக்கா. அக்கா என்று எப்போது கூப்பிட ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

இரைச்சல் கரைந்தது. நல்ல பதிவு.

அக்டோபர் 8

கணக்கு வந்துவிட்டது. மேலே பத்து மீட்டர் தளர்ந்த செம்மண். அடியில் பாறை. இரண்டுக்கும் இடையே குழைந்த களிமண். சோப்புத் தடவிய தரையில் விரித்த பாய் போல. சரியக்கூடியதுதான்.

பகல் சாப்பாட்டுக்கு அக்காவின் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுத் தெய்வானையும் வந்து உட்கார்ந்தாள். ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். சம்பலில் காரம் கண்ணைப் பிழிந்தது.

"ஸ்கேன் எடுத்தியே, உள்ள என்னா தெரியுது? ஆணா, பொண்ணா?" என்றாள் தெய்வானை.

சிரித்தேன். பிறகு தட்டைப் பார்த்து ரொட்டியைப் பிய்த்தேன். அவர்களும் சிரிப்பை நிறுத்தினார்கள்.

"மேட்டுப்பாளையத்துக்குக் கீழ வீடு குடுக்குறாங்களாம்" என்றாள் அக்கா. "அங்க கொழுந்து இருக்கா? எங்கப்பாவ சிலோன்ல கப்பல்ல ஏத்துனாங்க. என்னய இங்க லாரியில ஏத்தப் போறாங்க. ஏத்துறவனுக்குக் கை வலிக்கவே மாட்டேங்குது."

கணக்கு யாருக்காகவும் மாறாது. அதை அங்கே சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அக்டோபர் 10

படங்களை சாருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அழைத்தார். "ரொம்ப நல்ல டேட்டா நித்திலா. இந்த மலைல இவ்ளோ சுத்தமா நான்கூட எடுத்ததில்ல."

இன்று முழுவதும் லேசாக நடந்தேன்.

அக்டோபர் 13

இதை வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலை பதினொன்று. தேநீர் நேரம். சம்மட்டி தரையில் கிடந்தது. அக்கா குந்தியிருந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். என் முழங்கை பட்டுக் கருவி பதிவைத் தொடங்கிவிட்டது. யாரும் அடிக்கவில்லை. யாரும் நடக்கவில்லை.

திரையில் இருபது கோடுகள் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தன. நான்கு மட்டும் நடுங்கின.

மீண்டும் பதிந்தேன். மீண்டும். அடி இல்லாமல் ஒரு முழு நிமிடம். காதில் கேட்கும்படி அந்த அதிர்வை வேகமாக்கி ஹெட்போனில் போட்டேன். மூடிய கதவுக்குப் பின்னால் குழாயைத் திறந்துவிட்டது போல இருந்தது.

தண்ணீர். வீடுகளுக்குக் கீழே, மழையே இல்லாத நாளில், ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு வாரமாக நான் பத்துப் பத்து அடி அடித்து அழித்துக்கொண்டிருந்தது இதைத்தான். அழித்ததற்குப் பாராட்டும் வாங்கினேன்.

அக்டோபர் 14

இன்று சம்மட்டிக்கு ஓய்வு. கேபிளைச் சரிவில் மேலே, இன்னும் மேலே என்று மாற்றி மாற்றி விரித்தோம். ஒவ்வொரு இடத்திலும் எந்தக் காதில் நடுக்கம் அதிகம் என்று குறித்தேன். குறிகளைச் சேர்த்தால் ஒரு கோடு. தேயிலைக்கு அடியில் வளைந்து, ஏறி, ரிசார்ட்டின் வேலியில் போய் முட்டியது.

வேலிக்கு அந்தப் பக்கம் படகுக் குளம். அன்னம் போலச் செய்த படகுகள்.

"போட்டிங்கா மேடம்? அதுக்கு கேட் அந்தப் பக்கம். டிக்கெட் எடுக்கணும்" என்றார் காவலாளி.

குளத்தை வெட்டி மூன்று வருடம். வெடிப்பு விழுந்து ஒரு வருடம்.

"தெனமும் காலையில ரெண்டு மணி நேரம் மோட்டார் போட்டு ரொப்புறாங்க" என்றாள் அக்கா. "சாயங்காலம் பாத்தா எறங்கிக் கெடக்கும். வெயிலுக்கு வத்துதுன்னு மேனேஜர் சொல்லுவாரு. எந்த வெயிலு? நாங்க சொட்டர் போட்டுக்கிட்டு நிக்கிறோம்."

களி தானாகக் குழையவில்லை. யாரோ அதைத் தினமும் நனைக்கிறார்கள். நனைப்பதை நிறுத்தினால் அது இறுகும். சரிவு நிற்கலாம்.

நிற்கலாம். இந்தச் சொல்லுக்கு முப்பத்தெட்டு குடும்பங்களின் எடை.

அக்டோபர் 15

சார் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அது மோட்டார் சத்தம்மா" என்றார்.

"மோட்டார் ஓடாதப்பவும் இருக்கு சார். மோட்டார்னா ஒரே சுதியில வரும். இது அப்படி இல்ல."

"சரி. தண்ணின்னே வெச்சுக்கோ. நம்மகிட்ட கேட்டது லயத்துக்குக் கீழ என்ன இருக்குன்னு. மேல என்ன இருக்குன்னு யாரும் கேக்கல."

"கீழ இருக்கறது மேலேர்ந்துதான் சார் வருது."

"நித்திலா, நீ ஜியாலஜிஸ்ட். வக்கீல் இல்ல."

எழுத வேறு ஒன்றுமில்லை. இன்று மாலை பனி அதிகம். கண் எரிந்தது.

அக்டோபர் 16

நான் தவறாகவும் இருக்கலாம். குளத்தை வடித்த பிறகும் மழை மட்டுமே போதும் என்று மலை முடிவு செய்யலாம். அப்போது இந்தத் திமிருக்கு என்ன பெயர்?

வெடிப்பை ஒட்டி நான்கு வீடுகள். மழை முடியும்வரை அந்த நான்கு வீட்டாரும் பால்வாடிக் கட்டடத்தில் படுக்க வேண்டும் என்று சொன்னேன். அது பாறைமேல் நிற்கிறது. அளந்து பார்த்துவிட்டேன்.

தெய்வானை வீடு நான்கில் ஒன்று. எழுந்து நின்றுவிட்டாள். "அப்ப நீயும் போவத்தான் சொல்ற. அவன் லாரிய காட்டுறான், நீ பால்வாடிய காட்டுற."

"பகல்ல வீட்டுலயே இருங்க. படுக்க மட்டும்தான் அங்க."

"நீ எங்க படுப்ப?"

லாட்ஜைக் காலி செய்துவிட்டேன். வெந்நீர் கிடைக்காத இடத்துக்குப் பணம் கொடுப்பது வீண். பால்வாடியில் சுவரோரம் இடம் கிடைத்தது. தலைமாட்டில் அ, ஆ, இ, ஈ.

அக்டோபர் 17

அறிக்கையின் வரைவு வந்தது. என் அளவுகள், என் படங்கள். முதல் பக்கத்தில் என் பெயர் இல்லை. அது பரவாயில்லை. குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்தேன். நான் மலையுச்சிவரை வரைந்திருந்தேன். அது வேலியோடு வெட்டப்பட்டிருக்கிறது. குளம் படத்தில் இல்லை. களி மட்டும் இருக்கிறது, காரணமே இல்லாமல், கடவுள் கொடுத்தது போல. கடைசி வரி: குடியிருப்பை உடனே அகற்றப் பரிந்துரைக்கப்படுகிறது.

சாருக்கு ஒரே வரி அனுப்பினேன். இந்தப் படம் பாதி, மீதியை நான் சொல்வேன். அலுவலகத்திலிருந்து பதில். என் பணி இன்றோடு முடிந்தது, கருவிகளைத் தவமணியிடம் ஒப்படைக்கவும்.

தவமணி அண்ணன் ஜீப்பின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"வண்டி ரிப்பேருங்க மேடம். கெளம்ப ஒரு வாரம் ஆகும்னு ஆபீசுக்குச் சொல்லிப்போட்டன்."

"என்ன ரிப்பேர்ண்ணா?"

"அத நீங்கதானுங்க சொல்லோணும். எனக்கு ஒண்ணும் தோணல."

அக்டோபர் 18

சத்தத்தை வைத்து நான் மட்டும் நம்பினால் போதாது. கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

நிலத்தடி நீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று அறிய ஒரு சாயம் உண்டு. பொடியாக இருக்கையில் ஆரஞ்சு. தண்ணீரில் விழுந்தால் கிளிப்பச்சை. குறைந்த அளவில் தீங்கில்லாதது. குளத்தில் கரைத்துவிட்டு லயத்துக்குப் பின்னாலுள்ள ஊற்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். தவமணி அண்ணன் ரிப்பேரான ஜீப்பில் கோவை போய் ஆய்வகச் சாமான் கடையில் வாங்கி வந்தார்.

பால்வாடியில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். ஒரு டம்ளரில் துளி கலந்து காட்டினேன். எல்லோரும் டம்ளரையே பார்த்தார்கள். குடித்துக் காட்டினேன்.

"நாக்க நீட்டு" என்றாள் தெய்வானை. நீட்டினேன். அப்போதுதான் சிரித்தார்கள்.

"வேலிக்கு உள்ள போயி ஊத்தணும். கேஸ் போடுவாங்க. வேலையும் போகும்" என்றேன். "நான் போறேன்."

"நீ போனா கேட்டுலயே புடிச்சு டிக்கெட் கேப்பான்" என்றாள் யோகம் அக்கா. "நான் தெனமும் போறவ. மாப் வாளிக்குள்ள என்னா இருக்குன்னு இதுவரைக்கும் எவனும் எட்டிப் பாத்தது இல்ல."

"அக்கா, உங்க வேலை..."

"வீடு இல்லாம வேலைய வெச்சு என்னா பண்றது? போர்த்திக்கிட்டா படுக்கிறது?"

அக்டோபர் 20

தீபாவளி. அம்மாவிடம் வேலை நன்றாகப் போகிறது என்று சொன்னேன். வாயில் அதிரசம் இருந்தது.

அக்டோபர் 23

குடிக்க எடுக்கும் ஊற்று பச்சையாகிவிடும் என்று எல்லா வீட்டிலும் அண்டா, குடம், வாளி நிறைய இரண்டு நாளைக்குத் தண்ணீர் பிடித்து வைத்தார்கள்.

பிற்பகலில் அக்கா ஊற்றிவிட்டாள். இறங்கி வந்தபோது சேலை ஓரம் பச்சை.

"குளமே பச்சப் பசேல்னு ஆயிருச்சு மிஸ். மேனேஜர் பயந்துட்டாரு. ஆனா வந்திருக்கிறவங்க எல்லாம் கலர் சூப்பர்னு வரிசையில நின்னு செல்ஃபி எடுக்கிறாங்க. அவருக்குத் திட்டுறதா, டிக்கெட்ட ஏத்துறதான்னு தெரியல."

நாளை காலைக்குள் ஊற்றில் தெரிய வேண்டும். என் கணக்கு.

அக்டோபர் 24

ஊற்று தெளிவாக ஓடியது.

பத்து மணிக்குக் கோட்டாட்சியர் வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண்மணி. நிர்வாகத்தின் ஆட்கள். பரந்தாமன் சார். சார் பாதிப் படத்தை விரித்து விளக்கினார். அழகாக விளக்குவார், எப்போதும் போல.

நான் முன்னால் போனேன். குளம், ஒழுக்கு, சாயம், எல்லாம் சொன்னேன். அனுமதியில்லாமல் வேலிக்குள் ஊற்றியதையும் சொன்னேன்.

"இதுதான் அந்த ஊற்றா?" என்றார் கோட்டாட்சியர். குனிந்து கையில் ஏந்திப் பார்த்தார். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"இன்னும் வரல மேடம்."

"வருமா?"

"வரும்."

"எப்போ?"

தெரியாது என்றேன். அதுதான் உண்மை. நிர்வாகத்தின் ஆட்களில் யாரோ சிரித்தார்கள். திங்கட்கிழமை உத்தரவு என்று சொல்லிவிட்டுக் கோட்டாட்சியர் ஜீப் பக்கம் நடந்தார்.

சார் என் அருகில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வண்டில ஏறும்மா. எல்லாரும் ஒரு தடவ இப்படிப் பண்ணுவோம். நான் பாத்துக்கறேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

"நான் இங்கதான் இருக்கேன் சார். தண்ணிக்கு வேலை இருக்கு."

வண்டிகள் போன பிறகு யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. தெய்வானை சோறு போட்டுக் கொடுத்தாள்.

அக்டோபர் 25

காலையில் தெய்வானையின் அலறல். ஊற்றுப் பக்கமிருந்து இல்லை. கீழே, கடைசி வரிசை வீடுகளுக்கும் கீழே, ரோட்டோரத் தடுப்புச் சுவரிலிருந்து.

சுவரின் ஓட்டைகளில் பச்சை வழிந்துகொண்டிருந்தது. ஓட்டை ஓட்டையாக, சுவர் முழுவதும். காட்டில் இல்லாத, செடியில் இல்லாத பச்சை.

என் கணக்கு தவறு. தண்ணீர் ஊற்றுக்கு வரவே இல்லை. அதற்கும் அடியில், பாறையை ஒட்டி, லயம் முழுவதற்கும் கீழே புகுந்து மறுபக்கம் வெளியேறுகிறது. நான் நினைத்ததைவிட மோசம். நான்கு வீடுகள் இல்லை, எல்லா வீடும் இந்தத் தண்ணீர்மேல்தான் நிற்கிறது. இதையும் எல்லோரிடமும் சொன்னேன்.

"அப்ப குளத்த சீக்கிரம் மூடணும்" என்றாள் யோகம் அக்கா. அவ்வளவுதான்.

யாரும் போன் செய்யவில்லை. குடங்களில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். குடத்துக்கு லக்கேஜ் போடுவேன் என்றார் கண்டக்டர். "போடு. ஆனா எங்க போவுதுன்னு டிக்கெட்டுல எழுது" என்றாள் தெய்வானை.

சனிக்கிழமை. கோட்டாட்சியரின் வீட்டு வாசலில் இருபத்தைந்து பச்சைக் குடங்கள். அவர் வெளியே வந்து ஒரு குடத்துக்குள் குனிந்து பார்த்தார்.

"எங்க வந்தது?"

"எங்க வீட்டுக்கு அடியில" என்றார்கள். ஒருவர் பின் ஒருவராக, எல்லோரும் அதையே சொன்னார்கள்.

அவரே கிளம்பி வந்தார். சுவரைப் பார்த்தார். மேலே ஏறிக் குளத்தைப் பார்த்தார். என்னிடம் முழுப் படத்தைக் கேட்டார். ஜீப்பின் பானெட்மேல் விரித்தேன். மழைக்கு முன் குளத்தை வடிக்க வாய்மொழி உத்தரவு அங்கேயே. லயத்தைக் காலி செய்யும் பேச்சு நிறுத்தம். மதகைத் திறந்தபோது அன்னங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சேற்றில் சாய்ந்தன.

நான் இவர்கள் பக்கம். எழுதிவிட்டேன்.

அக்டோபர் 27

ரிசார்ட்காரர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள். அத்துமீறல், குளத்தை மாசுபடுத்தியது. யோகம் அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எங்கள் இருவரையும் ஸ்டேஷனுக்கு அழைத்தார்கள்.

எஸ்.ஐ. நல்ல மனிதர். எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "பெருசாக்க வேண்டாம்மா. ஆளுக்கு ஒரு வரி, மன்னிச்சிருங்கன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. அவங்க வாபஸ் வாங்கிருவாங்க" என்று வெள்ளைத் தாளையும் பேனாவையும் நகர்த்தி வைத்தார்.

வெளியே மழை ஆரம்பித்துவிட்டது. முதல் மழை. குளம் காலி. அது போதுமா என்று இன்றைக்குத் தெரியாது. தவமணி அண்ணன் கேபிளை விரித்து வைத்துக்கொண்டு பால்வாடியில் காவல் இருக்கிறார். எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் டீயை ஊதிக்கொண்டே, "என் பங்கையும் சேத்து நீயே எழுது" என்றாள்.

பேனாவை எடுத்தேன். மலையை வரைந்தேன். மேலே குளம். வேலி, அதைத் தாண்டித் தேயிலை. செம்மண், களி, முப்பத்தைந்து அடி ஆழத்தில் பாறை. பாறைமேல் தண்ணீர் வரும் வழிக்கு ஓர் அம்பு. கீழே என் கையெழுத்து. அக்கா தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினாள்.

எஸ்.ஐ. தாளை நேராகப் பார்த்தார். பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார்.

"மன்னிப்பு எங்கம்மா?"

"உள்ளதான் இருக்கும் சார்" என்றாள் யோகம் அக்கா. "முப்பத்தஞ்சு அடி தோண்டிப் பாருங்க."